இதயத் தசை ஜீனில் காணாமல் போன 25 எழுத்துகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற ஷிப்ட் பஸ்ஸில் 50 பேர் இருக்காங்கன்னு வச்சுக்கோங்க. சராசரிக் கணக்குப்படி, அதில் 2 பேருக்கு இதயத் தசை ஜீன் ஒன்றில் 25 எழுத்துகள் இருக்காது. அது என்ன ஜீன், எப்படிக் கண்டுபிடிச்சாங்க என்பதுதான் இன்றைய எபிசோட்.

தசையைச் சுருங்க வைக்கிற முக்கியப் புரதம் மயோசின். 1970-களின் தொடக்கத்தில் அதைப் பிரித்தெடுக்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு புரதத்துக்கு ‘சி புரதம்’ என்று பெயர் வைத்தார்கள். மயோசின் இழைமேல் உட்கார்ந்து, சுருங்குவதை ஒழுங்குபடுத்துவது இதன் வேலை.

இந்தப் புரதம் தனி ஆள் இல்ல, ஒரு குடும்பம். மெதுவாகச் சுருங்கும் எலும்புத்தசைக்கு ஒன்று, வேகமானதுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று. நம்ம வேலையில் ஒரே கோடை காப்பி பண்ணி, கிளையண்ட்டுக்குத் தகுந்த மாதிரி மாத்துவோமே, கிட்டத்தட்ட அப்படி. சாயல் ஒன்றுதான், ஜீன் வேற வேற.

அப்போ எது எதுன்னு எப்படிப் பிரிக்கிறது? அதுக்குத்தான் குளோனிங். ஆட்டுக்குட்டி நகல் எடுத்த கதை இல்ல இது. தசையிலிருந்து எம்ஆர்என்ஏவை எடுத்து, டிஎன்ஏவாக மாற்றி, பாக்டீரியாவுக்குள் வைத்துப் பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படிப்பார்கள். ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். எலும்புத்தசைப் புரதங்களில் 10 பகுதிகள். இதயத்துப் புரதத்தில் முன்பக்கம் ஒன்று கூடுதலாக, மொத்தம் 11.

மனித இதய ஜீன் 11-வது குரோமோசோமில் இருப்பது 1995-ல் தெரிந்தது. அதில் வரும் பிழைகள் இதயச் சுவர் தடிக்கும் நோயை உண்டாக்கும் என்பதும் அதே ஆண்டு வெளியானது.

இனிமேல்தான் நம்ம ஊர் விஷயம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத் சிசிஎம்பியின் தங்கராஜ் உள்ளிட்ட குழு 2009-ல் ஒரு முடிவை வெளியிட்டது. இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவீதம் பேருக்கு இந்த ஜீனில் 25 எழுத்து நீக்கம் இருக்கு. அதனால் புரதத்தின் வால் பகுதி மாறிவிடுகிறது. மயோசின் இழையைப் பிடித்துக்கொள்ள உதவுவதே அந்த வால்தான்.

அப்போ அந்த 2 பேருக்கும் இதய நோய் நிச்சயமா? இல்ல. பலர் அறிகுறியே இல்லாமல் வாழ்கிறார்கள். அதே ஜீனில் இன்னொரு மாற்றமும் சேர்ந்தவர்களுக்கே ஆபத்து அதிகம் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டுகின்றன.

நீங்க செய்ய வேண்டியது ஒன்றுதான். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீர்னு இறந்திருந்தாலோ, இதயம் பலவீனமானதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாலோ, இதய டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்க. ஈசிஜி, எக்கோ எடுத்தால் சுவர் தடித்திருப்பதைப் பெரும்பாலும் பார்த்துவிடலாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.