சீசன் டிக்கெட்டா? கணக்குப் போடுங்க!

எங்க வீட்டில் கணவரும் மகனும் கால்பந்துப் பைத்தியங்கள். 2022ல் சென்னையின் எஃப்.சி. ஆட்டங்கள் மறுபடி நேரு ஸ்டேடியத்துக்கு வந்ததும், "ரெண்டு சீசன் டிக்கெட் எடுத்துடலாம்ப்பா" என்று மகன் நச்சரிக்க, இவரும் தலையாட்டினார்.

நான் காலண்டரை எடுத்தேன். 11 அணிகள் ஆடிய அந்த சீசனில், லீக் சுற்றில் சென்னைக்கு 10 ஆட்டம். அரையாண்டுத் தேர்வு, இவருடைய நைட் ஷிப்ட், ஊர் விசேஷம் எல்லாம் கழித்தால் தேறியது ஐந்துதான்! போகாத ஆட்டத்துக்கும் சேர்த்துத்தானே பணம்?

ஆட்டமே ஊர் மாறுவதும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தால் சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போனது. கொரோனாவால் 2020-21, 2021-22 சீசன்கள் கோவாவிலேயே நடந்தன.

"அந்தக் காசில் நாலு பேரும் மூணு ஆட்டம் பார்க்கலாமே" என்றேன். "அம்மா, நானும் வரலாமா?" என்று துள்ளினாள் மகள். அதுவரை அவளை யாரும் கேட்கவே இல்லை!

தோழிகளே, தவறாமல் போகிறவர்களுக்கு சீசன் டிக்கெட் லாபம்தான். ஆனால், எடுக்கும் முன் கேளுங்க: எத்தனை நாள் நிஜமாகப் போவீங்க? இடம் மாறினால் பணம் திரும்புமா? வீட்டில் வேறு யாருக்கு ஆசை?

- ஒரு வாசகி, பெரம்பூர்.