பகிர்ந்த கோப்புக்குப் பொறுப்பாளர் யார்?

சென்னை அலுவலகம் கேள்விகளைத் தயாரிக்கிறது. மதுரைக் கள ஆய்வாளர்கள் பதில்களை ஏற்றுகிறார்கள். கோவையில் ஒருவர் சரிபார்க்கிறார். எல்லாம் ஒரே கூகுள் ஷீட்டில். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'புது ஃபைனல்' என்று மின்னஞ்சலில் கோப்புகள் சுற்றிய தொல்லை இதனால் ஒழிந்தது. ஆனால் அந்த ஷீட்டில் இருப்பவை பிறருடைய பெயர், கைபேசி எண், வருமானம், நோய் விவரம். அவற்றுக்கு யார் பொறுப்பு என்பதைப் பல குழுக்கள் தீர்மானிப்பதே இல்லை.

ஆபத்துகள்

'லிங்க் உள்ள எவரும்' என்ற அமைப்பில் கடவுச்சொல் கேட்காமலே கோப்பு திறக்கும். லிங்க் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குள் போனால், பிறகு அது யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. 2018 ஜூலையில் ரஷ்யாவின் யாண்டெக்ஸ் தேடுபொறியில் இப்படித் திறந்து கிடந்த கூகுள் ஆவணங்கள் வந்து விழுந்தன. யாரும் பூட்டை உடைக்கவில்லை, பூட்டே போடப்படவில்லை.

அடுத்தது, கருவியின் கொள்ளளவு. 2020 இலையுதிர் காலத்தில், ஆய்வகங்கள் அனுப்பிய கொரோனா முடிவுகளை இங்கிலாந்தின் பொது சுகாதாரத் துறை பழைய எக்செல் வடிவத்தில் தொகுத்தது. அது 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது. 15,841 தொற்றாளர்களின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் சேரவில்லை; அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணியும் தாமதமானது.

மூன்றாவது, ஆள் மாற்றம். ஊழியர் தன் சொந்த ஜிமெயிலில் தொடங்கிய கோப்பு அவர் கணக்குக்கே உரியது. அவர் வேலையை விட்டுப் போய், கோப்பை அழித்துவிட்டால் மூன்று ஊர் உழைப்பும் போய்விடும்.

உரிமைகள்

தகவல் தந்தவரே முதல் உரிமையாளர். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, அவர் தன் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். பிழையைத் திருத்தவும் தரவை அழிக்கவும் கோரலாம். ஆய்வுப் பணிக்கு விலக்கு உண்டு. ஆனால் அரசு வகுத்த தரநிலைகளைப் பின்பற்ற வேண்டும். அந்தத் தரவைக் கொண்டு குறிப்பிட்ட நபரைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. போதிய பாதுகாப்பு செய்யத் தவறினால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம். 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வருகின்றன.

உழைத்தவருக்கும் உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பணியின் பகுதியாக எழுதியதன் பதிப்புரிமை நிறுவனத்துக்கே. ஆனாலும் 'இதை எழுதியவன் நான்' என்று கோரும் உரிமையை 57ஆம் பிரிவு எழுதியவருக்குத் தருகிறது. யார், எந்த நாளில் எதை எழுதினார் என்று காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரி அதற்கு நல்ல சான்று.

தீர்வுகள்

• கோப்பை நிறுவனக் கணக்கில், முடிந்தால் ஷேர்டு டிரைவில் தொடங்குங்கள். அங்கே கோப்பு தனிநபருக்கு அல்ல, நிறுவனத்துக்குச் சொந்தம்.

• லிங்க் வேண்டாம். மின்னஞ்சல் முகவரி வழியாக ஒவ்வொருவரையும் சேருங்கள். பார்க்க மட்டும் வேண்டியவருக்குத் திருத்தும் அனுமதி எதற்கு?

• பெயரும் கைபேசி எண்ணும் தனிக் கோப்பில், இரண்டொருவர் கையில் இருக்கட்டும். பொது ஷீட்டில் குறியீட்டு எண் போதும்.

• ஒவ்வோர் அலுவலகமும் அனுப்பிய வரிகளின் எண்ணிக்கையையும், தொகுப்பில் சேர்ந்த எண்ணிக்கையையும் வாரம் ஒருமுறை ஒப்பிடுங்கள்.

• யாரோ தவறாக அழித்துவிட்டால் பதற வேண்டாம். வெர்ஷன் ஹிஸ்டரியில் முந்தைய வடிவத்தை மீட்கலாம். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் கோப்பு 30 நாள் இருக்கும்.

தரவு கசிந்தது தெரிந்தால், முதலில் பகிர்வை மூடுங்கள். திரைப்பதிவுகளை எடுத்துவைத்து, மேலிடத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தரவுக் கசிவை அறிந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. தரவைத் தவறாகப் பயன்படுத்தியவர் மீது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார் தரலாம். பணமும் பறிபோயிருந்தால் உடனே 1930 எண்ணை அழையுங்கள்.

உங்கள் குழுவின் கோப்பில் 'ஷேர்' பொத்தானை இன்றே அழுத்திப் பாருங்கள். அந்தப் பட்டியலில் வேலையை விட்டுப் போனவர் பெயர் இருந்தால், முதலில் அதை நீக்குங்கள்.