போல்ட் பொருந்தும், பிரேக்கைப் பாருங்கள்

பிரிட்டனில் சீரிஸ் 3 லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் பலர் அதன் 2,286 சி.சி. பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு, 1989-இல் டிஸ்கவரியோடு வந்த 200 டிடிஐ டர்போ டீசலை ஏற்றுகிறார்கள். எனக்கு இதைவிடப் பிடித்த என்ஜின் மாற்றம் வேறில்லை. இரண்டும் ஒரே வம்சம். பழைய என்ஜினின் வழியில் வந்ததுதான் புதியது. அதனால் அடாப்டர் தட்டு எதுவும் இல்லாமல், சில்லறை வேலைகளோடு பழைய கியர்பாக்ஸில் சேர்ந்துகொள்ளும். டிஸ்கவரி என்ஜினில் டர்போ தாழ இருப்பதால் சேஸிஸ் பக்கம் இடநெருக்கடி வரும். மேனிஃபோல்டை மாற்றிச் சமாளிக்கலாம்.

சுமார் 70 குதிரைத்திறன் இருந்த இடத்தில் இப்போது 111. மேட்டில் மூச்சு வாங்காது, டீசலும் சிக்கனம். ஆனால் சீரிஸ் வண்டியின் டிஃபரென்ஷியல் விகிதம் 4.7, டிஸ்கவரியில் 3.54. அதை மாற்றாவிட்டால் நெடுஞ்சாலையில் என்ஜின் அலறும். கியர்பாக்ஸும் இவ்வளவு இழுவிசைக்குச் செய்யப்பட்டதல்ல, கிளட்சை மெதுவாக விடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். அதைச் சீராக்காமல் என்ஜினில் கை வைக்கவே கூடாது என்பேன். வேலை முடிந்ததும் புது என்ஜின் எண்ணையும் எரிபொருள் மாற்றத்தையும் வாகனப் பதிவு அலுவலகத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும்.