மூன்று சென்ட்டும் இருநூறு மாடும்

நாகமலை புதுக்கோட்டையில் நான் பட்டா நகல் எடுத்தபோது கூட அத்தை வந்திருந்தார். பரப்பு என்ற கட்டத்துக்கு மேல் 'ஹெக்டேர் - ஏர்' என்றும், கீழே 0 - 1.21 என்றும் அச்சாகியிருந்தது. அத்தை தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். "ஏர்னு போட்ருக்கே, நமக்கு ஏதுப்பா மாடு?"

இந்த ஏர் நம் ஏர் இல்லை. நூறு சதுர மீட்டருக்கு வைத்த பேர். 1.21 ஏர் என்றால் 3 சென்ட், சென்ட்டுக்கு 435.6 வீதம் 1,306.8 சதுர அடி. தஞ்சாவூர்க் கணக்கில் 144 சதுர அடி ஒரு குழி. அப்படிப் பார்த்தால் ஒன்பது குழியும் ஒரு கால்மிதியும். கணக்குக்காகச் சதுர அடி 1,000 ரூபாய் என்று வைத்தால் மதிப்பு 13,06,800. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், 91,476 ரூபாய். 2023-ல் 4-லிருந்து 2 சதவீதமாகக் குறைத்த பதிவுக் கட்டணம் 26,136. ஆகமொத்தம் 1,17,612 ரூபாய் கொடுத்தால்தான் ஒருவர் அந்த ஊரில் மூன்று சென்ட்டுக்குச் சொந்தக்காரர்.

அத்தை கேட்ட மாட்டை ஏக்கரில் தேடியிருக்க வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'அகெர்' என்றால் வயல். ஒரு மாட்டுக் கூட்டம் ஒரு நாளில் உழுது முடிக்கிற நிலம் என்பதுதான் பிறகு அளவாக நின்றது: 220 கஜ நீளம், 22 கஜ அகலம், 4,840 சதுர கஜம். அந்த 220 கஜம், மாடு திரும்பாமல் ஓட்டுகிற சாலின் நீளம். அதன் பேர்தான் பர்லாங். "கடை ரெண்டு பர்லாங் இருக்கும்" என்று நம் பெரியவர்கள் சொன்னதெல்லாம் இங்கிலாந்து உழவுசாலை வைத்துத்தான்.

அந்தக் காலத்து ஆங்கிலத்தில் பதவிக்கும் சாதிக்கும் இருந்த சொற்களில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு எண் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு குடும்பம் பிழைக்கத் தேவையான நிலம் 'ஹைடு'. பொதுவாக 120 ஏக்கர் என்பார்கள். ஐந்து ஹைடு சேர்ந்தால், அதாவது 600 ஏக்கர் இருந்தால், சாதாரணக் குடியானவனும் 'தெயின்' என்ற பிரபுவாக உயரலாம். 600 ஏக்கர் என்பது 60,000 சென்ட். எங்கள் மனை மாதிரி 20,000 மனை. தஞ்சாவூர்க் கணக்கில் 20 மா ஒரு வேலி, ஏறக்குறைய 6.6 ஏக்கர். அதில் சுமார் 90 வேலி. தொண்ணூறு வேலிக்காரரை நம் ஊரில் எப்படிக் கும்பிட்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

உயிருக்கும் விலை உண்டு. ஒருவனைக் கொன்றால் அவன் சொந்தக்காரர்களுக்குக் கட்ட வேண்டிய தொகை, வெஸெக்ஸ் நாட்டில், 'சியோர்ல்' என்ற குடியானவனுக்கு 200 ஷில்லிங், தெயினுக்கு 1,200. அங்கே ஷில்லிங்குக்கு 5 வெள்ளிக்காசு. ஆக 1,000 காசு, 6,000 காசு. 924 முதல் 939 வரை ஆண்ட அதெல்ஸ்தான் காலத்து லண்டன் விலைப்படி குதிரை 120 காசு, காளை 30, பசு 20, பன்றி 10, ஆடு 5. குடியானவன் உயிர் 33 காளை, பிரபு உயிர் 200 காளை. ஒன்றுக்கு ஆறு. இதைவிட நேர்மையான சாதிக் கணக்கை நான் பார்த்ததில்லை. நம் ஊரில் இப்படி எழுதி வைக்காமலே நடத்திக்கொண்டோம். அந்த சியோர்ல்தான் பிற்பாடு ஆங்கிலத்தில் 'நாகரிகம் தெரியாதவன்' என்ற வசவாகிப்போனான். 'லார்ட்' என்பதன் மூலமோ ரொட்டியைக் காப்பவன். நம் வாயில் அவர் படியளக்கிறவர்.

ஊர் வரியும் வழக்கும் பார்த்தவர் 'ரீவ்'. நம் மணியக்காரரேதான். 'ஷயர்' என்ற சீமைக்கு ஒரு ரீவ் இருந்தால் அவர் ஷெரிஃப், அதாவது சீமை மணியம். அந்தப் பேர் கப்பலேறி மெட்ராஸுக்கும் வந்தது. அதற்கு முன்பே, 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனப்படி 1688-ல் தொடங்கிய மெட்ராஸ் மாநகராட்சியில் 12 ஆல்டர்மென், 60 பர்ஜெஸ். ஆல்டர்மேனும் பழைய ஆங்கிலத்துப் பெரியதனக்காரர்தான். மெட்ராஸ் ஷெரிஃப் பதவியை 1998-ல் எடுத்தார்கள். நம் மணியமும் கர்ணமும் அதற்கு முன்பே போயாயிற்று: 1980 நவம்பர் 14 அவசரச் சட்டத்தில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், சுமார் 23,000 பதவிகள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1982-ல் அரசு பக்கமே தீர்ப்பானது. வி.ஏ.ஓ. வந்தார். அதற்கும் முன்பே மதுரைப் பக்கத்து 72 பாளையங்களின் பாளையக்காரர்களில் பலர் ஜமீன்தார்களாகி, 1948 ஒழிப்புச் சட்டத்தோடு அந்தப் பேரும் கல்யாணப் பத்திரிகையோடு நின்றது.

வருவாய்க் கணக்கு வருஷம் மட்டும் இன்னும் பசலிதான். ஆங்கில வருஷத்தில் 590 கழித்தால், 2025 ஜூலை 1-ல் பிறந்தது 1435.

இவ்வளவும் சொல்லி முடித்தேன். அத்தை பட்டாவை நாலாக மடித்து மஞ்சப்பையில் போட்டார். "ஹைடு, ஏர் எல்லாம் இருக்கட்டும். வடக்குப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரன் சுவரை அரை அடி தள்ளிக் கட்டிருக்கானே, அது எத்தனை சென்ட்டுன்னு சொல்லு."

சுவர் நீளம் 40 அடி. பாதி போட்டால் 20 சதுர அடி. சென்ட்டில் 0.046.