எந்த ஃபோன் வாங்கலாம்? ஒரு வங்கிக்காரரின் வயல் கணக்கு

போன தை மாதம், அறுவடை நடந்துகொண்டிருந்தபோது என் ஃபோன் செத்துப்போனது. தண்ணீரில் விழவில்லை, மாடு மிதிக்கவில்லை. சட்டைப் பையில் இருந்தபடியே அணைந்தது, பிறகு எழவேயில்லை. திருத்துறைப்பூண்டிக் கடைத்தெருவில் ரிப்பேர் பார்க்கும் தம்பி அரைமணி நேரம் நோண்டிவிட்டுச் சொன்னார்: "போர்டு போயிடுச்சு சார். வேற போர்டு போட்டா ஃபோன் ஓடும். ஆனா உள்ளே இருந்தது எதுவும் வராது."

ஏன் வராது என்று கேட்டேன். இப்போது வருகிற ஃபோன்களில் உள்ளே இருக்கும் படம், பதிவு எல்லாம் பூட்டிய நிலையில்தான் இருக்குமாம். அந்தப் பூட்டின் சாவி அதே போர்டில். போர்டு போனால் சாவியும் போச்சு. திருடனுக்கு வைத்த பூட்டு வீட்டுக்காரனுக்கும் பூட்டாகிவிட்டது.

உள்ளே இருந்தது என்ன தெரியுமா? மூன்று சம்பா பருவத்துப் படங்கள். பதினோரு பாரம்பரிய நெல் ரகங்களுக்கு நாற்று விட்ட தேதி, நட்ட தேதி, கதிர் வந்த தேதி, எது சாய்ந்தது, எது நின்றது என்ற குறிப்புகள். எங்கள் பிஜிஎஸ் குழுவில் ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சரிபார்க்கிறோமே, அந்தப் பார்வையின்போது எடுத்த படங்கள். எல்லாம் அந்த ஒன்பதாயிரம் ரூபாய் பெட்டிக்குள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் இருந்தவன் நான். கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், அன்றைய கணக்கு முடிந்து பேக்கப் எடுத்து, அதை வேறு இடத்தில் பத்திரப்படுத்தாமல் ஷட்டரை இறக்க விட்டதில்லை. கிளார்க் பிள்ளைகள் பஸ்ஸைத் தவறவிட்டுத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். அப்படிப்பட்டவன் சொந்த வயல் கணக்குக்கு ஒரு நகல் வைக்கவில்லை. கூகுள் இலவசமாகக் கொடுக்கும் 15 ஜிபி இடம் என்றைக்கோ நிறைந்துவிட்டதாம். காலை வணக்கப் பூக்களும் கல்யாண வீடியோக்களும் அதைத் தின்றுவிட்டன. நிறைந்துவிட்டது என்று அதுவும் தினம் ஒரு அறிவிப்பு காட்டியிருக்கிறது. நான் தினம் அதைத் தள்ளிவிட்டிருக்கிறேன்.

சரி, அடுத்து என்ன வாங்குவது? இந்தக் கேள்வியை எடுத்தாலே டீக்கடையில் எம்ஜிஆர் சிவாஜி சண்டை மாதிரி ஆகிவிடுகிறது.

பெங்களூரில் இருக்கும் மகன், "அப்பா, என் பழைய ஐஃபோனைத் தர்றேன், ஆண்ட்ராய்டோட மல்லுக்கட்டாதீங்க" என்றான். எங்கள் குழுவில் ஒரு இளைஞர் இருக்கிறார், நல்ல உழைப்பாளி. அவர் நேர் எதிர். "ஐயா, ஐஃபோன் ஹைப்ரிட் விதை மாதிரி. கம்பெனிகிட்டயேதான் எல்லாத்தையும் வாங்கணும். ஆண்ட்ராய்டு நம்ம நாட்டு விதை. யார் வேணும்னாலும் எடுத்துப் போட்டுக்கலாம்."

கேட்க நன்றாக இருந்தது. நம் கூட்டங்களில் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பாதிதான் உண்மை.

ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ். மூலநிரலை யாரும் எடுத்து மாற்றலாம் என்பதும் சரி. சாம்சங், விவோ, ஷாவ்மி என்று இத்தனை கம்பெனிகள் அதில் ஃபோன் செய்வது அதனால்தான். ஆனால் நாம் தினம் தொடும் பிளே ஸ்டோர், மேப், ஜிமெயில் எல்லாம் கூகுளின் சொந்தச் சரக்கு. 2019-ல் அமெரிக்க அரசு ஹுவாவே கம்பெனிக்குத் தடை போட்டபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. ஆண்ட்ராய்டு நிரல் அவர்கள் கையில் இருந்தது, கூகுள் செயலிகளைப் புதிய ஃபோன்களில் போட முடியவில்லை. சீனாவுக்கு வெளியே அவர்கள் வியாபாரம் படுத்துவிட்டது. விதை நம்முடையதுதான், வாய்க்கால் மதகு இன்னொருவர் கையில். டெல்டாக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பெரிய கம்பெனி என்று நம்பி வாங்கினால் நிலைக்கும் என்பதும் கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் ஓடத் தொடங்கியது. எங்கள் கிளையில் வேலை பார்த்த அத்தனை பேர் இடுப்பிலும் நோக்கியாதான். 2011-ல் தங்கள் சிம்பியனைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸுக்கு மாறினார்கள். 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது, ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகள் வேலை இழந்தார்கள். விண்டோஸ் ஃபோனும் அப்புறம் ஓய்ந்தது. வங்கியில் மேலதிகாரிகள் பெருமையாக வைத்திருந்த பிளாக்பெர்ரியின் பழைய ஃபோன்களுக்கு 2022 ஜனவரி 4-ஆம் தேதியோடு சேவையே நின்றுபோனது. இன்று மிச்சம் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் இரண்டுதான்.

மகனுடைய ஐஃபோனை முதலில் என் மனைவிக்குத்தான் பேசினோம். அரிசி விற்பனை முழுக்க அவர் கையில். 140 வாடிக்கையாளர்கள், யாருக்கு எத்தனை கிலோ, யார் பாக்கி, எல்லாம் அவருடைய ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப்பில். விசாரித்துப் பார்த்தால், ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் கணக்கில் சேர்கிறது, ஐஃபோனில் ஆப்பிளின் ஐகிளவுடில். இதை எடுத்து அதில் அப்படியே ஊற்ற முடியாது. 2022-லிருந்து மாற்றிக்கொள்ள ஒரு வழி வந்திருக்கிறது, ஆனால் அதற்கென்று தனிச் செயலி, புதிதாகவோ முழுவதும் அழித்தோ வைத்த ஐஃபோன், பக்கத்தில் விஷயம் தெரிந்த ஆள். கேட்டுவிட்டு அவர் சொன்னார், "ஏங்க, தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க. இந்த மாட்டைப் பார்த்துத்தான் ஆகணும்." ஐஃபோன் வரவில்லை.

ஆனால் ஐஃபோனிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2018-ல் வந்த ஐஃபோன் எக்ஸ்எஸ்ஸுக்கு 2024-ல் வெளியான ஐஓஎஸ் 18 கூடக் கிடைத்தது. என் ஒன்பதாயிரம் ரூபாய் ஃபோனுக்கு இரண்டாவது வருஷத்தோடு பாதுகாப்பு அப்டேட் நின்றது. சாவதற்கு முன்பே அது பாதி செத்ததுதான். வங்கிச் செயலி 'உங்கள் கருவியில் இயங்காது' என்று கைவிரித்திருந்தது. ஓட்டைப் பூட்டோடு பணம் வைக்க எந்த வங்கியும் சம்மதிக்காது, நானே மேனேஜராக இருந்தாலும் சம்மதித்திருக்க மாட்டேன்.

அதனால் கடையில் நான் கேட்ட முதல் கேள்வி கேமராவைப் பற்றி அல்ல. "இதுக்கு எத்தனை வருஷம் அப்டேட்?" கடைப் பையனுக்கே தெரியவில்லை. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. கூகுள் 2023-ல் பிக்ஸல் 8-க்கும், சாம்சங் 2024-ல் எஸ்24-க்கும் ஏழு வருஷம் என்று அறிவித்தார்கள். நம் கைக்கு எட்டும் விலையிலேயே கேலக்ஸி ஏ16 5ஜி மாதிரி சில ஃபோன்களுக்கு ஆறு வருஷம் சொல்கிறார்கள். இந்த வருஷக் கணக்கு நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. ஆடித் தள்ளுபடியில் கிடைக்கும் இரண்டு வருஷப் பழைய மாடலுக்கு ஆயுள் அந்த அளவுக்குக் குறைவு.

இனி கணக்குக்கு வருவோம். 9,000 ரூபாய் ஃபோன் மூன்று வருஷம் உழைத்தது, வருஷத்துக்கு 3,000. 16,500 ரூபாய் ஃபோன் ஆறு வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு 2,750. 65,000 ரூபாய் ஐஃபோனை ஐந்து வருஷம் வைத்திருந்து 15,000-க்கு விற்றாலும் வருஷத்துக்கு 10,000. நம் கொல்லைக்கு ஒரு வண்டி எரு வாங்கலாம். கடைக்காரர் "வட்டியில்லாத் தவணை" என்றார். சில்லறைக் கடன்களில் பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பிராசசிங் கட்டணம், விட்டுக்கொடுக்காத தள்ளுபடி என்று அது எங்கேயாவது ஒளிந்திருக்கும். ரொக்கமாக என்ன விலை என்று கேளுங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். கடையின் ஏசிக்குள் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். நான் ஃபோனை வெளியே நடு வெயிலுக்கு எடுத்து வந்து பார்த்தேன், நான்கில் இரண்டு அங்கேயே கழிந்தன. வீட்டில் ஒரு டவர், வயலில் வேறு டவர் என்பதால் இரண்டு சிம் வேண்டும். ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று அர்த்தம், அது சோதனைச்சாலை நன்னீர். சேற்றுக்கும் பஞ்சகவ்யத்துக்கும் யாரும் உறுதி கொடுக்கவில்லை. மெகாபிக்ஸலை மறந்துவிடுங்கள். இலையில் இருப்பது அசுவினியா பேனா என்று தெரிந்தால் போதும்.

கடைசியில் ஒரு ஆண்ட்ராய்டுதான் வாங்கினேன். மாடல் பெயர் எழுதவில்லை, இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அது மாறியிருக்கும். கூடவே பழைய பட்டன் ஃபோனும் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது எங்கள் ஊரில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. டச் ஃபோன்கள் எல்லாம் மறுநாளே படுத்துவிட்டன. டவர் திரும்பி வந்த அன்று பெங்களூருக்கு "உயிரோட இருக்கோம்" என்று சொன்னது அந்தப் பட்டன் ஃபோன்தான்.

தொலைந்த தேதிகளை மீட்க முடியுமா என்று உட்கார்ந்தோம். மனைவி தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் கூலி எழுதி வைத்திருந்தார். அதிலிருந்து நடவு நாளும் அறுப்பு நாளும் கிடைத்தன. குழுவில் மற்றவர்கள் ஃபோனில் இருந்த படங்களில் தேதி பார்த்துக் கதிர் வந்த நாளைக் கண்டுபிடித்தோம். ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதி, அந்த நோட்டைப் படம் எடுத்து மூன்று வீட்டு ஃபோன்களில் வைத்திருக்கிறோம். பதினோரு ரகத்தில் ஒன்பதுக்குக் கட்டம் நிறைந்துவிட்டது. காட்டுயானமும் கருடன் சம்பாவும் மட்டும் காலி. இந்தச் சம்பாவுக்கு அவை இரண்டையும் தெற்கு வயலில் தனித்தனியாக நட்டிருக்கிறோம்.