ஐங்குவார்க்குத் துகள்

புரோட்டானுள்ளும் நியூட்ரானுள்ளும் குவார்க்கு என்னும் நுண்பொருள்கள் உள என்பது இக்காலப் பௌதிக நூலார் துணிபு. இக்கொள்கையை 1964-ஆம் ஆண்டில் கெல்மான், ஸ்வைக் என்னும் இருவர் தனித்தனியே வெளியிட்டனர். குவார்க்கு என்னும் சொல்லின் எழுத்து வடிவைக் கெல்மான் ஜேம்ஸ் ஜாய்ஸின் நாவலொன்றினின்று எடுத்துக்கொண்டார் என்பது இலக்கியம் பயிலும் எமக்கு உவப்புத் தருவதாகும்.

நம் மொழியிற் சார்பெழுத்துத் தனித்தியங்காமை போலக் குவார்க்கும் தனித்து நில்லாது. மூன்று கூடின் புரோட்டான் முதலிய பேரியான். ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் கூடின் மீசான். நான்கும் ஐந்தும் கூடுதற்குத் தடையில்லையெனக் கெல்மானே குறித்திருந்தும், நெடுங்காலம் அவற்றை உறுதியாகக் கண்டாரிலர்.

நிற்க. 2003-ஆம் ஆண்டில் ஜப்பான் தேசத்து ஸ்பிரிங்-8 நிலையத்தில் ஆய்ந்தோர் ஐந்து கூடிய துகளொன்றைக் கண்டதாக அறிவித்தனர். அவர்தம் சான்றோ ஏறத்தாழ 20 நிகழ்ச்சிகளே. உடனே வேறு பல கூட்டத்தாரும் ‘யாமும் கண்டோம்’ என்றனர். ஆவல் மிகுந்துழி அறிஞர் கண்ணும் மயங்கும் போலும்! 2005-இல் அமெரிக்காவின் ஜெபர்சன் ஆய்வுக்கூடத்தார் மிகப் பல நிகழ்ச்சிகளைத் திரட்டி நோக்கியபொழுது அத்துகள் தோன்றவில்லை. அதே 2003-இல், அதே ஜப்பானில், பெல் குழுவினர் கண்ட எக்ஸ்(3872) என்னும் துகளோ பிறராலும் உறுதி செய்யப்பெற்று நிலைத்துவிட்டது. அதில் நான்கு கூடியுள்ளன என்று பலர் கருதுவர்.

பின்னர் 2015-இல், ஜெனீவாவை அடுத்து 27 கிலோமீட்டர் சுற்றளவில் அமைந்த மோதுகருவியில், எல்.எச்.சி.பி. குழுவினர் லாம்டா-பி என்னும் பேரியான் சிதையும் நிகழ்ச்சிகள் 26,000 அளவினவற்றை ஆராய்ந்தனர். சிதைவில் ஒரு புரோட்டான், ஒரு ஜே-சை மீசான், ஒரு கே மீசான் ஆகிய மூன்றும் வெளிப்படும். முன்னிரண்டின் கூட்டுநிறையைக் கணித்து வரைந்தபொழுது 4450 மெகா எலக்ட்ரான் வோல்ட்டு அளவில் ஒரு முகடு எழுந்தது. அவ்விரண்டும் பிரியுமுன் கணத்தினும் நுண்ணிய பொழுது ஒரே துகளாய் நின்றன என்பதே அதன் பொருள். புரோட்டானில் மூன்று, ஜே-சையில் சார்ம் குவார்க்கும் அதன் எதிரும், ஆக ஐந்து. 4380 அளவில் அகன்ற வேறொன்றும் உடன் கூறப்பட்டது. 2019-இல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு நிகழ்ச்சிகளைக் கொண்டு மீண்டும் நோக்க, அம்முகடு 4440, 4457 என இரண்டாகப் பிளந்தது. 4312-இல் புதிதாய் ஒன்றும் எழுந்தது.

இவ்வைந்தும் ஒரே கட்டாக இறுகியுள்ளனவா, அன்றி இயல்பு புணர்ச்சியிற் சொற்கள் போலப் பேரியானும் மீசானும் தத்தம் உருக்கெடாது ஒட்டி நிற்கின்றனவா என்பது இன்னும் முடிவுபெறா வழக்கு. இத்துகள்களின் நிறை, சார்ம் குவார்க்குடைய சிக்மா பேரியானும் டி வகை மீசானும் சேர்ந்த நிறைக்குச் சிறிதே குறைந்து நிற்றலின், யாம் பின்னதையே பொருத்தமெனக் கொள்கின்றோம்.