ஒரே துணி எல்லாவற்றுக்கும் ஆகாது

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில், ஆயர் அவர்களின் வருகைக்கு முந்தைய நாள், அலுவலகத்தைத் துப்புரவு செய்யும் பொறுப்பை இளைஞர் சிலர் விருப்பத்தோடு ஏற்றனர். ஒரு வாளித் தண்ணீரில் சோப்புத்தூளைக் கரைத்தனர். ஒரு பழைய வேட்டித் துணியை அதில் தோய்த்து, தேக்கு மேசை, இரும்பு பீரோ, பிரம்பு நாற்காலி, ரெக்சின் இருக்கை யாவற்றையும் ஒரே மூச்சில் கழுவித் தள்ளினர். மறுநாள் காலையில் மேசையின் மெருகு திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. மூன்று மாதத்தில் பீரோவின் அடிப்பாகம் துருவேறி உதிர்ந்தது. பிரம்பு நாற்காலி மட்டும் முன்னிலும் நன்றாக இறுகி விறைப்பாக நின்றது! காரணம் விளங்காமல் நான் விழித்தபோது, மேசையைச் செப்பனிட வந்த ஆசாரி, "தண்ணி பட்டாப் பிரம்பு இறுகும், சாமி, மேசைக்குத்தான் ஆகாது" என்றார். அந்த இளைஞர்களை நான் குறை கூறவில்லை. வாளியைக் கொடுத்தவன் நானே.

அலுவலகம் என்றவுடன் பெரிய கட்டடங்களை எண்ண வேண்டியதில்லை. பள்ளியில் தலைமையாசிரியர் அறை, கூட்டுறவுச் சங்கம், வக்கீலின் முன்கூடம், வீட்டுத் திண்ணையில் கணக்கு எழுதும் மேசை, இவையெல்லாம் அலுவலகங்களே. இங்குள்ள பொருள்கள் பயன்படுத்துவதால் கெடுவதைவிடத் தவறாகத் துடைப்பதால் கெடுவதே மிகுதி என்பது என் அனுபவம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பகை உண்டு. அதை அறிந்த பின்னரே துணியைக் கையில் எடுக்க வேண்டும்.

முதலில் மரத்தைப் பார்ப்போம். பழைய மேசைகள் பலவற்றில் பிரெஞ்சு பாலிஷ் என்னும் மெருகு ஏற்றப்பட்டிருக்கும். பெயர் பிரெஞ்சு ஆயினும் அதன் சரக்கு நம் நாட்டிலும் விளைவதே. அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் அரக்கைத் தூய்மையாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொதியால் பலமுறை தேய்த்து ஏற்றுவதே அம்மெருகு. ஸ்பிரிட்டில் கரைந்த பொருள் மீண்டும் ஸ்பிரிட் பட்டால் கரையுமன்றோ? 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது கைக்குத் தடவும் சானிட்டைசர் குப்பிகள் மேசைதோறும் குடியேறின. அதில் பெரும்பகுதி ஆல்கஹாலே. அது சொட்டிய இடமெல்லாம் மெருகு கரைந்து வடுப்பட்ட மேசைகளை இன்றும் காணலாம்.

சூடான காப்பித் தம்ளரை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுவதைக் கண்டு பலர் பதறுகின்றனர். ஈரம் மெருகுக்குள் புகுந்ததன் அடையாளம் அது, மரம் கெடவில்லை. ஓரிரு நாள் உலரவிட்டால் தானே மங்குவதும் உண்டு. மங்காவிடில் மெல்லிய துணியில் ஒரு துளி எண்ணெய் தொட்டு இலேசாகத் தேய்த்து, பின் அந்த எண்ணெயையும் துடைத்தெடுத்துவிட வேண்டும். வளையம் கறுப்பாக இருந்தால், நீர் மெருகைக் கடந்து மரத்தையே தொட்டுவிட்டது என்று பொருள். அப்போது ஆசாரியை அழைப்பதே நலம்.

நாள்தோறும் செய்ய வேண்டியது மிகச் சிறிது. உலர்ந்த பருத்தித் துணியால் மரத்தின் ரேகை ஓடும் திசையில் துடைத்தால் போதும். அழுக்குப் படிந்திருந்தால் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, உடனே உலர்ந்த துணியால் மறுமுறை துடைக்கலாம். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் பூசுவோர் உண்டு. அவ்வெண்ணெய் உலராது, தூசியை இழுத்துப் பிசுபிசுத்து, நாளடைவில் சிக்கு நாற்றம் வீசும். மெருகு பூசாத மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் ஏற்றது. அது காற்றில் உலர்ந்து படலமாகும். ஆனால் அதில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டால் தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும்! அதைத் தண்ணீரில் நனைத்தோ, வெளியில் விரித்து உலர்த்தியோதான் அப்புறப்படுத்த வேண்டும்.

மர இழுப்பறை சிக்கிக்கொண்டால் காலால் உதைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அதை வெளியே எடுத்து, உரசும் ஓரங்களில் மெழுகுவர்த்தித் துண்டொன்றைத் தேய்த்தால் போதும். எரிந்து எஞ்சிய மெழுகுத் துண்டுகளுக்கு நம் பங்குகளில் பஞ்சமில்லை.

கோத்ரெஜ் நிறுவனத்தார் 1923-இல் இரும்பு பீரோ செய்யத் தொடங்கியது முதல், அது நம் அலுவலகங்களில் நிலையான இடம் பெற்றுவிட்டது. கறையான் இரும்பைத் தின்னாது என்பது உண்மை. எனினும் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் துரு அங்கிருந்து பூச்சுக்கு அடியில் பரவும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்ப்பதால் கேடு இன்னும் விரைவாக வரும். ஆகவே கீறலைக் கண்டவுடன் உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி உலரவிட்டு, அதன்மேல் எனாமல் பெயின்ட் அடித்துவிட வேண்டும். தரையைக் கழுவும் நீர், அதிலும் பிளீச்சிங் பவுடர் கலந்த நீர், பீரோவின் கால்களில் தேங்குவதுதான் பெருங்கேடு. கால்களுக்கு அடியில் ரப்பர் குமிழ்கள் இட்டு வைப்பது நல்லது. கொரோனா நாள்களில் பிளீச்சிங் கரைசலை அறையெங்கும் தெளித்துப் பூட்டுகளையும் கீல்களையும் துருப்பிடிக்கச் செய்த அலுவலகங்கள் உண்டு. அறைகளுக்குள் அவ்வாறு தெளிக்காமல், துணியை நனைத்துத் துடைக்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதத்திலேயே அறிவுறுத்தியிருந்தது.

பிரம்பின் கதை நேர்மாறானது. அதற்குப் பகை வறட்சி. பின்னல் தொய்ந்துவிட்டால் நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால் நன்றாக நனைத்து, யாரும் உட்காராமல் ஓர் இரவு நிழலில் உலரவிடுங்கள், காலையில் இறுகிவிடும். பிரம்பு பின்னுதல் பார்வையற்றோர் பள்ளிகளில் நெடுங்காலம் கற்பிக்கப்பட்ட கைத்தொழில். அலுவலக நாற்காலிகளைப் பின்னியே குடும்பத்தைக் காத்தோர் உண்டு. பிளாஸ்டிக் நாற்காலி பெருகிய பின் அவர்களைத் தேடிப் போவோர் அருகிவிட்டனர். சட்டம் உறுதியாக இருக்கும் நாற்காலியைப் பழைய சாமான்காரரிடம் போடுமுன், பின்னத் தெரிந்தவர் அருகில் உளரா என்று விசாரித்துப் பாருங்கள்.

ரெக்சினுக்கு நம் தலையெண்ணெயும் வியர்வையுமே பகை. அதன் மேலுள்ள பிளாஸ்டிக் படலத்தை நெகிழ்வாக வைத்திருக்கும் பொருளை எண்ணெய் உறிஞ்சிவிடுகிறது. படலம் விறைத்து வெடிக்கிறது. நம் ஊர் அதிகாரிகள் நாற்காலி முதுகில் துவாலை விரித்துக்கொள்வதை நான் பதவிப் பெருமை என்றே எண்ணியிருந்தேன். அதில் ஒரு நன்மையும் இருக்கிறது! சோப்பு நீரில் பிழிந்த துணியால் வாரம் ஒருமுறை துடைத்தால் ரெக்சின் நெடுநாள் உழைக்கும்.

சன்மைக்கா ஒட்டிய மேசையின் மேற்பரப்பு சூட்டையும் ஈரத்தையும் ஓரளவு தாங்கும். ஆனால் உள்ளே இருப்பது மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாயின், ஓரத்தில் நீர் புகுந்தால் உப்பிவிடும், உப்பியது மீளாது. ஓரப் பட்டை பெயர்ந்தால் அன்றே ஒட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலிக்குச் சோப்பு நீர் போதும். வெயிலில் மட்டும் கிடத்தாதீர்கள், நொறுங்கிப் போகும்.

மேசையைவிட மனிதர் முக்கியம் அல்லவா? விடாக்கறையைப் போக்க எண்ணிச் சிலர் பிளீச்சிங் கரைசலோடு கழிவறை ஆசிட்டைக் கலக்கின்றனர். இவ்விரண்டும் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும்பும். பூட்டிய அறைக்குள் துடைத்துக்கொண்டிருக்கும் அம்மாவின் நெஞ்சைத்தான் அது முதலில் தாக்கும். எந்தக் குப்பியில் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்லிக் கொடுப்பது அலுவலகப் பொறுப்பாளரின் கடமை.

முதலில் சொன்ன அதே பங்கில், சுவரோடு ஒட்டி ஒரு மர அலமாரி நின்றது. அதன் முகப்பைத் துடைத்தோம். முதுகை யாரும் பார்த்ததில்லை. ஒரு நாள் முதியவர் ஒருவர் வயதுச் சான்றுக்காகத் தம் ஞானஸ்நானப் பதிவைக் கேட்டு வந்தார். பதிவேட்டை இழுத்தேன். அட்டை மட்டும் கையோடு வந்தது. தாள்கள் மண்ணாகியிருந்தன. "என் பேரு இதிலேதான் இருந்துச்சா, சாமி?" என்று அவர் கேட்டபோது என்னால் பதில் கூற இயலவில்லை.

தேக்கின் வைரத்தைக் கறையான் எளிதில் தீண்டாது. ஆனால் முதுகுப் பலகைக்கு மலிவான மரமும் பிளைவுட்டும் வைப்பது வழக்கம். கறையான் அவ்வழியே நுழைந்துவிடுகிறது. சுவரில் விரலளவு மண்கோடு தெரிந்தால் அது அதன் பாதை. கோட்டை மட்டும் துடைத்துவிட்டுப் போவதில் பயனில்லை. புற்று மண்ணுக்குள் இருப்பதால் மருந்து அடிப்பவரை அழைத்தே ஆக வேண்டும். நாற்காலிக்கு அடியில் மாவுபோல் தூள் கொட்டியிருந்தால் அது வண்டின் வேலை. மரம் உளுத்துப்போகுமுன் மருந்து ஏற்ற வேண்டும்.

இப்போது நான் இருக்கும் பங்கில் அலமாரி சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை கோயில்பிள்ளை விளக்கைப் பிடிக்க, நான் குனிந்து அதன் பின்புறத்தைப் பார்க்கிறேன்.